எண்ணெய்க் கலத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

(இயற்பியல், மூன்றாமாண்டு)

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நாம் சிறு வயது முதல் கேட்டுவரும் பேச்சு. ஒத்துப்போகாத இருவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் இந்த உவமையைத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் மோட்டார் காரின் எஞ்சினுக்குள் இவை இரண்டும் நாள்தோறும் சந்திக்கின்றன. சில வேளைகளில் ஒன்றோடொன்று கலந்து, கடைந்த மோர்போல வெளுத்த ஒரு குழம்பாகவும் மாறிவிடுகின்றன. டர்போ பொருத்திய கார்களில் சிலர் கூடுதலாக மாட்டிக்கொள்ளும் ‘ஆயில் கேட்ச் கேன்’ என்னும் சிறு கலத்தைத் திறந்து பார்த்தால் இந்தக் குழம்பைக் கண்ணாரக் காணலாம். நாம் இக்கட்டுரையில் அதனை எண்ணெய்ப் பிடிகலம் என்றே அழைப்போம்.

குளிர் நாடுகளில் இந்தக் கலத்தைத் திறந்து பார்க்கும் கார் உரிமையாளர் பலர் திடுக்கிட்டுப் போகிறார்கள். எண்ணெய் பிடிப்பதற்காக வைத்த கலத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்! உடனே எழும் ஐயம், ‘ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ, ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்குகிறதோ’ என்பதுதான். அப்படியாயின் எஞ்சினின் தலைப்பகுதியையே கழற்ற வேண்டும், செலவு சிறிதன்று. ஐயம் வீண் என்றால் அச்செலவும் வீண். ஐயம் உண்மையாயிருந்து, ‘இது வெறும் பனிநீர்தான்’ என்று வாளாவிருந்துவிட்டாலோ எஞ்சினே பாழாகும். ஆகவே இத்தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்போது வரும், எப்போது வரக்கூடாது என்பதை அறிவது ஏட்டறிவு மட்டுமன்று. கைப்பொருளைக் காக்கும் அறிவுமாகும். இதற்கு வேண்டியதெல்லாம் நாம் முதலாமாண்டில் படித்த வெப்பவியலும், சிறிது வேதியியலுமே.

பெட்ரோலுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்

பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பல சேர்மங்களின் கலவை. அவற்றுள் ஆக்டேனை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலக்கூறில் 8 கார்பன் அணுக்களும் 18 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அது முற்றிலும் எரியும்போது 8 மூலக்கூறு கார்பன்-டை-ஆக்சைடும் 9 மூலக்கூறு நீரும் உண்டாகின்றன. எடைக் கணக்கில் பார்த்தால் 114 கிராம் ஆக்டேனிலிருந்து 162 கிராம் நீர் கிடைக்கிறது. எரிந்த பொருளைவிடக் கிடைத்த நீரின் எடை அதிகமாயிருப்பது கண்டு வியக்க வேண்டாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதில் சேர்ந்திருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. எனவே ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நாற்பது லிட்டர் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு புறப்படும் கார், அது தீருமுன் ஏறத்தாழ நாற்பது லிட்டர் தண்ணீரை உண்டாக்கிவிடுகிறது. இத்தண்ணீர் சூடான ஆவியாகச் சைலன்சர் வழியே வெளியேறுவதால் நாம் அதனைக் கவனிப்பதில்லை. காலையில் காரை முதன்முதலாகக் கிளப்பும்போது சைலன்சர் முனையிலிருந்து சொட்டும் நீர் இதுதான். குழாய் சூடேறியதும் சொட்டுவது நின்றுவிடும். தண்ணீர் உண்டாவது நிற்பதில்லை.

வளையங்களைத் தாண்டும் வாயு

எரிந்த வாயு முழுவதும் சைலன்சர் வழியே போய்விடுமானால் நம் கதைக்கு இடமே இல்லை. ஆனால் அப்படி நடப்பதில்லை. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றி உலோக வளையங்கள் உண்டு. இவ்வளையங்கள் முழு வட்டமல்ல. வெப்பத்தால் விரிவடைய இடம் வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வெட்டு இருக்கும். அந்த வெட்டின் வழியாகவும், வளையத்திற்கும் சுவருக்கும் இடைப்பட்ட நுண்ணிய இடைவெளி வழியாகவும் வாயுவின் ஒரு சிறு பகுதி கீழே கிராங்க் அறைக்குள் கசிந்துவிடுகிறது. புத்தம் புதிய எஞ்சினிலும் இக்கசிவு உண்டு. தேய்ந்த எஞ்சினில் மிகுதியாக உண்டு. கசிந்து வருவது எரிந்த வாயு மட்டுமன்று. எரியாத பெட்ரோல் ஆவியும் காற்றும் அதனோடு கலந்தே வரும்.

கிராங்க் அறையில் எண்ணெய் இருக்கிறது. கிராங்க் தண்டு நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழலும்போது அந்த எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி மூடுபனிபோல் நிற்கிறது. கசிந்து வந்த வாயு இந்த எண்ணெய் மூடுபனியோடு கலக்கிறது. அதனை வெளியேற்றாவிட்டால் அறைக்குள் அழுத்தம் கூடி, எண்ணெய் அடைப்புகள் பிதுங்கிவிடும். எனவே எஞ்சினுக்கும் ஒரு மூச்சுவழி தேவைப்படுகிறது.

வெளியே விட்ட மூச்சு மீண்டும் உள்ளே

முற்காலக் கார்களில் இம்மூச்சுவழி ஒரு நேர்குழாய்தான். கிராங்க் அறையிலிருந்து புறப்பட்டுக் காரின் அடியில் சாலையை நோக்கித் திறந்திருக்கும். கார் ஓடும்போது வீசும் காற்று வாயுவை இழுத்துச் செல்லும். எண்ணெய்த் துளியும் பெட்ரோல் ஆவியும் நேராகத் தெருவில் கலந்தன.

1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், நெதர்லாந்தில் பிறந்த வேதியியலறிஞர் ஹாகன்-ஸ்மிட், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைமூட்டத்தின் காரணத்தை ஆராய்ந்தார். எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்தே அம்மூட்டம் உண்டாகிறது என்று அவர் காட்டினார். கார்கள் உமிழும் ஹைட்ரோகார்பன்களில் கணிசமான பங்கு இந்த மூச்சுக்குழாய் வழியே வருவது தெரிந்ததும், அதனை அடைப்பது முதற்கடமையாயிற்று. 1961ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாவில் விற்கப்பட்ட புதுக் கார்களில் பி.சி.வி. என்னும் வால்வு பொருத்தப்பட்டது. கிராங்க் அறையின் வாயுவை வெளியே விடாமல், எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாய்க்கே திருப்பி அனுப்பி எரித்துவிடுவது அதன் வேலை. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கா முழுவதும், பின்னர் உலகம் முழுவதும் இம்முறை பரவியது. உலகில் கார்களுக்கு விதிக்கப்பட்ட மாசுத்தடுப்பு ஏற்பாடுகளுள் மூத்தது இதுவே எனலாம்.

டர்போ வந்தபின்

எஞ்சினின் கழிவுப் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன்மூலம் காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் டர்போ முறைக்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் ஆகிய கார்களில் அது இடம்பெற்றது. 1977ஆம் ஆண்டில் ஸ்வீடனின் சாப் 99 டர்போ அதனை அன்றாடக் காருக்கு ஏற்றதாக்கிக் காட்டியது. இன்று நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் சிறு கார்களில்கூட ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள டர்போ எஞ்சின்கள் வந்துவிட்டன.

டர்போ வந்ததும் கிராங்க் அறையின் மூச்சு இருவழிப்பட்டது. கார் நின்றபடி ஓடும்போதும் மெல்லச் செல்லும்போதும் உறிஞ்சுகுழாயில் வெற்றிடம் இருக்கும். அது பி.சி.வி. வால்வு வழியாக வாயுவை இழுத்துக்கொள்ளும். கூடவே புதுக்காற்றும் கிராங்க் அறைக்குள் புகுந்து அதனைக் கழுவிச் செல்லும். ஆனால் டர்போ அமுக்கத் தொடங்கியதும் உறிஞ்சுகுழாயில் வெளிக்காற்றைவிட அழுத்தம் மிகும். அப்போது பி.சி.வி. வழி மூடிக்கொள்ள வேண்டும். இல்லையேல் அமுக்கிய காற்று கிராங்க் அறைக்குள் பாயும். எனவே வாயு வேறொரு குழாய் வழியாக டர்போவின் முகப்புக்குச் செல்கிறது. கழுவும் புதுக்காற்று நின்றுவிடும் அதே வேளையில், சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் 100 பார் அளவையும் தாண்டுவதால் வளையங்களைக் கடந்து வரும் கசிவு மிகுகிறது.

இவ்வாறு செல்லும் வாயு எண்ணெய்ப் பிசுக்கை டர்போவின் இறக்கைகளிலும் இன்டர்கூலரிலும் பூசிவிடுகிறது. சிலிண்டருக்குள் புகும் எண்ணெய்த் துளிகள் பெட்ரோலின் தட்டல் தாங்கும் ஆற்றலைக் குறைக்கின்றன. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதுவகை எஞ்சின்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. உள்வழி வால்வுகளின் முதுகில் பெட்ரோல் படுவதில்லையாதலால், அங்கே படியும் எண்ணெய் கழுவப்படாமல் கரியாக இறுகிவிடும். இவற்றைத் தடுக்கவே, வாயு செல்லும் குழாயின் இடையில் ஒரு பிடிகலத்தை மாட்டும் வழக்கம் ஏற்பட்டது. பந்தயக் கார்களில் இது பழைய ஏற்பாடு. திறந்த மூச்சுவழி உள்ள கார்கள், பாதையில் எண்ணெய் சிந்தாமலிருக்க, 2000 கன சென்டிமீட்டர் வரையுள்ள எஞ்சினுக்கு 2 லிட்டரும் அதற்கு மேற்பட்டதற்கு 3 லிட்டரும் கொள்ளும் கலம் வைத்திருக்க வேண்டும் என்பது எஃப்.ஐ.ஏ. என்னும் உலக மோட்டார் பந்தயக் கழகத்தின் விதி.

பிடிகலம் என்பது மிக எளிய கருவி. ஓர் உலோகக் கலம். உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். நடுவில் தடுப்புத் தகடுகளோ கம்பி வலையோ இருக்கும். வேகமாக வந்த வாயு கலத்தில் விரிந்து வேகம் தணிகிறது, திசை மாறுகிறது. வாயு எளிதில் திரும்பிவிடும். கனமான எண்ணெய்த் துளி திரும்ப மாட்டாமல் தகட்டில் மோதி ஒட்டிக்கொண்டு அடியில் வடியும். இதுவரை நடப்பது இயக்கவியல். இனி நடப்பதுதான் வெப்பவியல்.

பனிநிலை என்னும் எல்லைக்கோடு

இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்தால் அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் தொங்குவதைக் காண்கிறோம். மூடி நீரை உண்டாக்கவில்லை. ஆவியாக வந்ததைக் குளிரச் செய்தது, அவ்வளவே. பிடிகலமும் அந்த மூடி போன்றதுதான். எஞ்சினைவிட்டு விலகி, காற்று படும் இடத்தில், பெரும்பாலும் அலுமினியத்தால் செய்யப்பட்டு இருப்பதால் அது எஞ்சினைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது.

ஒரு கன மீட்டர் இடத்தில் நீராவி எவ்வளவு தங்க முடியும் என்பதை வெப்பநிலையே முடிவு செய்கிறது. நமது ஆய்வகப் பட்டியல்களில் காணும் அளவுகள் சுமாராக இவை:

80 டிகிரி செல்சியஸில் – 293 கிராம்
60 டிகிரியில் – 130 கிராம்
40 டிகிரியில் – 51 கிராம்
30 டிகிரியில் – 30 கிராம்
20 டிகிரியில் – 17 கிராம்
10 டிகிரியில் – 9 கிராம்
0 டிகிரியில் – 5 கிராம்

வெப்பம் குறையக் குறைய, தங்கும் அளவு எவ்வளவு விரைவாக விழுகிறது பாருங்கள். இருக்கும் ஆவி எந்த வெப்பநிலையில் தெவிட்டுகிறதோ அதுவே பனிநிலை. அதற்குக் கீழே குளிர்ந்தால் மிகுதி ஆவி நீராக வேண்டியதுதான், வேறு வழியில்லை.

ஆக்டேன் சரியான அளவு காற்றோடு எரிந்து கிடைக்கும் வாயுவில் நூற்றுக்கு 14 பங்கு நீராவி இருக்கும். அதன் பனிநிலை சுமார் 53 டிகிரி. கிராங்க் அறையிலோ எரியாத கலவையும் புதுக்காற்றும் அதனோடு சேர்ந்திருக்கும். பாதிக்குப் பாதி என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால் நீராவி 7 பங்காகும். பனிநிலை ஏறத்தாழ 40 டிகிரிக்கு இறங்கும்.

இப்போது இரண்டு ஊர்களை ஒப்பிடுவோம். சென்னையில் மே மாதம். வெளியே 38 டிகிரி. எஞ்சின் அறைக்குள் உள்ள பிடிகலம் 50, 60 டிகிரியில் இருக்கும். இது பனிநிலைக்கு மேல். எனவே நீர் படியாது. கலத்தில் கிடைப்பது பெரும்பாலும் எண்ணெயே. கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி மாதம். வெளியே சுழியத்திற்குக் கீழே 20 டிகிரி. எஞ்சின் ஓடினாலும் முகப்பில் மாட்டிய கலம் 10 டிகிரியைத் தாண்டாமலிருக்கலாம். ஒரு கன மீட்டரில் 51 கிராம் ஆவியோடு வந்த வாயு 9 கிராமை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். மீதி 42 கிராம் கலத்தில் இறங்கும். நிமிடத்திற்கு 20 லிட்டர் வாயு செல்வதாகக் கொண்டால் மணிக்கு 1.2 கன மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 50 கிராம் தண்ணீர். வாயு முற்றிலும் குளிர்ந்தால்தான் இவ்வளவும் படியும் என்பதால் இதனை உச்ச வரம்பாகக் கொள்ள வேண்டும். எனினும் சில வாரங்களில் ஒரு கலத்தில் பாதி தண்ணீராக நிரம்புவதற்கு எந்தப் பழுதும் தேவையில்லை என்பதை இக்கணக்கு நன்கு காட்டுகிறது.

தூரமும் இதில் பங்கு கொள்கிறது. நீண்ட பயணத்தில் எண்ணெய் 90, 100 டிகிரி வரை சூடேறும். அப்போது எண்ணெயில் கலந்திருந்த நீர் ஆவியாகி வெளியேறிவிடும். வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்குமாகச் சில நிமிடங்களே ஓடும் காரில் எண்ணெய் அந்த வெப்பத்தை எட்டுவதேயில்லை. குளிர்ந்த சிலிண்டர்ச் சுவரில் படிந்த நீரும் பெட்ரோலும் கீழே இறங்கி எண்ணெயோடு சேர்ந்துகொண்டே இருக்கும். 2018ஆம் ஆண்டில் சீனாவின் குளிர்ப் பகுதிகளில் ஹோண்டா நிறுவனத்தின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட கார்களில் எண்ணெயோடு பெட்ரோல் சேர்ந்து எண்ணெய் மட்டம் உயர்ந்த செய்தி பெரிதாகப் பேசப்பட்டது; புதிய சி.ஆர்-வி கார்களின் விற்பனையே அங்குச் சிறிது காலம் நிறுத்தப்பட்டது. அங்கே சேர்ந்தது பெட்ரோல். நாம் பேசுவது தண்ணீர். ஆயினும் கடுங்குளிர், குறுகிய ஓட்டம் என்னும் இரண்டு காரணங்களும் இரண்டுக்கும் பொது.

எரிபொருளின் வகையும் கணக்கில் சேரும். நம் நாட்டில் 2025ஆம் ஆண்டுக்குள் பரவலாகிவிட்ட இ-20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். தூய எத்தனால் எரிந்த வாயுவில் நீராவி நூற்றுக்கு 18 பங்கு. அதன் பனிநிலை 58 டிகிரிக்கு மேல். எனவே எத்தனால் சேரச்சேர, நீர் படியும் எல்லைக்கோடு சற்று மேலே ஏறுகிறது.

அழுத்தம் செய்யும் மாற்றம்

பனிநிலை வெப்பத்தை மட்டும் பொறுத்ததன்று, அழுத்தத்தையும் பொறுத்தது. வாயுவை இருமடங்கு அமுக்கினால் அதிலுள்ள நீராவியின் பகுதியழுத்தமும் இருமடங்காகும். 30 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 70 ஒப்பு ஈரப்பதமும் உள்ள கடற்கரைக் காற்றை எடுத்துக்கொள்வோம். அதன் பனிநிலை சுமார் 24 டிகிரி. டர்போ அதனை இருமடங்கு அழுத்தத்திற்குக் கொண்டுசென்றால் பனிநிலை 36 டிகிரியாக உயரும். அமுக்கியதால் சூடேறிய காற்றை இன்டர்கூலர் 36 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் அங்கேயே நீர் படியும். இது கற்பனையன்று. அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 வண்டிகளின் 3.5 லிட்டர் டர்போ எஞ்சினில், ஈரமான வானிலையில் இன்டர்கூலரில் படிந்த நீர் ஒரே வீச்சில் எஞ்சினுக்குள் போய், முந்திச் செல்லும் வேளையில் விசை குன்றுவதாகப் புகார்கள் எழுந்தன. 2013ஆம் ஆண்டில் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் அதுபற்றி விசாரணை தொடங்கியது.

அதே விதி எதிர்த்திசையிலும் செல்லும். பி.சி.வி. வால்வுக்கும் உறிஞ்சுகுழாய்க்கும் இடையே, அரை வளிமண்டல அழுத்தமுள்ள வெற்றிடப் பக்கத்தில் கலத்தை வைத்தால், 40 டிகிரியாயிருந்த பனிநிலை ஏறத்தாழ 28 டிகிரிக்கு இறங்கிவிடும். கிராங்க் அறைக்கும் வால்வுக்கும் இடையே வைத்தால் 40 டிகிரியாகவே நிற்கும். ஒரே காரில், ஒரே குளிரில், கலம் மாட்டிய இடத்தைப் பொறுத்தே தண்ணீரின் அளவு மாறக்கூடும் என்பது இதனால் விளங்கும். ஆதலால் ‘அவர் காரில் தண்ணீர் இல்லை, என் காரில் மட்டும் ஏன்?’ என்று ஒருவர் கலங்குவதில் பொருளில்லை.

மோர்போன்ற குழம்பு

தண்ணீர் படிந்தால் அடியில் தண்ணீரும் மேலே எண்ணெயுமாகத் தனித்தனியே நிற்க வேண்டியதுதானே? அமைதியாக விட்டால் அப்படித்தான் நிற்கும். எண்ணெய் நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆனால் எஞ்சின் எண்ணெயில் அழுக்கைப் பிடித்து மிதக்க வைப்பதற்கென்று சோப்புத்தன்மையுள்ள பொருள்களைச் சேர்க்கிறார்கள். இவற்றின் மூலக்கூறுகளில் ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை எண்ணெயை நாடும். வாயுவின் ஓட்டமும் எஞ்சினின் அதிர்வும் மத்துப்போல் கடைய, நுண்ணிய நீர்த்துளிகள் எண்ணெய்க்குள் சிக்கிப் பால்மமாகிவிடுகின்றன. தேங்காய்ப்பால் வெண்மையாகத் தோன்றுவது ஏனோ அதே காரணத்தால்தான் இதுவும் வெளுத்துத் தோன்றுகிறது: எண்ணற்ற துளிகள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. இக்குழம்பை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிச் சில நாள் வைத்தால் ஓரளவு பிரிந்து, அடியில் நீர் நிற்பதைக் காணலாம். எரிந்த வாயுவிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் கரைந்திருப்பதால் அந்நீர் பெரும்பாலும் அமிலத்தன்மையோடு இருக்கும். இதனைக் குடிநீர்போன்ற தூய நீர் என்று எண்ணிவிடலாகாது.

பழுதா, பருவமா?

இனி முதற்கேள்விக்கு வருவோம். கலத்தில் கண்டது பனிநீரா, ரேடியேட்டர் நீரா?

முதலாவது, ரேடியேட்டர் நீரின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டத்தைக் குறித்துவைத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்கலாம். மட்டம் குறையவில்லை என்றால் அந்நீர் வேறெங்கும் போகவில்லை. கலத்தின் நீருக்கு எரிபொருளே பொறுப்பு.

இரண்டாவது, எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். வெண்குழம்பு பிடிகலத்திலும் எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்திலும் மட்டும் இருந்து, கம்பியில் எண்ணெய் தெளிவாக இருந்தால் அச்சத்திற்கு இடமில்லை. அவ்விரு இடங்களும் எஞ்சினின் குளிர்ந்த மூலைகள். கம்பியிலும் குழம்பு தென்பட்டால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, பருவம். மழையும் குளிரும் போய் வெயில் வந்ததும், அல்லது ஒரு நீண்ட பயணத்திற்குப் பின், தண்ணீர் தானே குறைந்தால் அது பனிநீர். எந்தப் பருவத்திலும் குறையாமல் வருவது பழுதின் அடையாளம்.

நான்காவது, நிறமும் தன்மையும். ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம் பச்சை, சிவப்பு முதலிய சாயம் கலந்தது. புதிதாயிருக்கையில் காரத்தன்மை உடையது. பிரிந்த நீரில் லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்தால் ஒரு குறிப்புக் கிடைக்கும். ஆனால் பழைய திரவம் காரத்தன்மையை இழந்திருக்கலாமாதலால் இதனை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

ஐந்தாவது, உறுதியான சோதனை. ஹெட் கேஸ்கட் கிழிந்திருந்தால் எரிந்த வாயு ரேடியேட்டருக்குள் புகும். ரேடியேட்டர் வாயில் எழும் ஆவியைப் புரோமோதைமால் நீலம் கலந்த திரவத்தின் வழியே செலுத்தினால், அதிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடு நீல நிறத்தை மஞ்சளாக்கிவிடும். நம் வேதியியல் ஆய்வகத்தில் உள்ள அதே நிறங்காட்டிதான் இது. இச்சோதனையைச் செய்யாமல் எஞ்சினின் தலையைக் கழற்றச் சொல்லும் எவரிடமும், ‘முதலில் இதைச் செய்து காட்டுங்கள்’ என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

உறைந்தால் வரும் ஆபத்து

பனிநீர் பழுதின் அடையாளமன்று என்றோம். அதனால் தீங்கே இல்லை என்று கூறவில்லை. நீர் உறையும்போது கனஅளவில் நூற்றுக்கு 9 பங்கு விரிகிறது. குளிர் நாடுகளில் இரவில் காரை வெளியே நிறுத்தினால், கலத்திலும் தாழ்ந்து தொங்கும் குழாயிலும் உள்ள நீர் பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும். மறுநாள் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கிராங்க் அறைக்கு மூச்சுவிட வழியிராது. அழுத்தம் ஏறி எண்ணெய் அளவுக் கம்பி வெளியே தள்ளப்படும். அல்லது கிராங்க் தண்டின் முனையிலுள்ள அடைப்பு பிதுங்கி எண்ணெய் முழுவதும் கொட்டிவிடும். எண்ணெயின்றி ஓடும் எஞ்சினின் கதி நாம் அறிந்ததே.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். கார் உற்பத்தியாளர்கள் குளிர் நாட்டுக்கான எஞ்சின்களில் இம்மூச்சுக் குழாயைச் சூடாக வைக்கவே முயல்கிறார்கள். நீர் ஆவியாகவே போய்ச் சிலிண்டரைக் கடந்து சைலன்சர் வழி வெளியேறட்டும் என்பது அவர்கள் கருத்து. பிடிகலம் மாட்டுபவரோ எண்ணெய் நன்கு படிய வேண்டும் என்பதற்காக அதனைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கிறார். எண்ணெயை மட்டும் பிடித்துத் தண்ணீரை விட்டுவிடு என்று கலத்திடம் சொல்ல முடியாது. எவ்வளவு நன்றாக எண்ணெய் பிடிக்கிறதோ அவ்வளவு நன்றாகத் தண்ணீரும் பிடிக்கும். எனவே கலம் மாட்டுவது என்பது, ஒரு வேலையை எஞ்சினிடமிருந்து வாங்கி நம் கையில் ஏற்றுக்கொள்வதாகும். அந்த வேலை, கலத்தைத் தவறாமல் காலி செய்வது.

செய்யத்தக்கவை

கோடையில் எண்ணெய் மாற்றும்போது மட்டும் காலி செய்தால் போதுமாயிருக்கும் கலத்தை, குளிர்காலத்தில் வாரம் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். நிரம்பி வழியும் கலம், கலமே இல்லாததைவிடத் தீயது. சேர்ந்த நீரும் எண்ணெயும் ஒரே மடக்காக எஞ்சினுக்குள் போகக்கூடும். நீரை அமுக்க முடியாது. அளவு மிகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும்.

கடுங்குளிர் உள்ள இடங்களில் கலத்தை எஞ்சினுக்கு அருகே வெதுவெதுப்பாக வைத்து, குழாய்களைத் துணியோ நுரையோ சுற்றிக் காப்பது நல்லது. குழாய் எங்கும் தொய்ந்து பள்ளமாகத் தொங்கக் கூடாது. வாரத்தில் ஒருநாளாவது எஞ்சின் நன்கு சூடேறும்படி அரைமணி நேரத்திற்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். நம் மாநிலத்தில் உதகமண்டலம் போன்ற, தை மாத இரவுகளில் உறைபனி விழும் ஊர்களில் இருப்போருக்கும் இவ்வறிவுரை பொருந்தும்.

கலத்தில் சேர்ந்ததை மீண்டும் எஞ்சினுக்குள் வடிய விடுவது குளிர்காலத்தில் தகாது. நீரையும் அமிலத்தையும் நாமே எண்ணெயில் கலப்பதாகும். அதைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டுவதும் தகாது. கழிவு எண்ணெயோடு சேர்த்துப் பட்டறையில் ஒப்படைப்பதே முறை. இன்னும் சிலர் ‘தொல்லையே வேண்டாம்’ என்று கலத்தின் வெளிவழியை உறிஞ்சுகுழாயில் இணைக்காமல் காற்றில் திறந்துவிடுகிறார்கள். அது 1961க்கு முன்பிருந்த நேர்குழாய்க்கே திரும்புவதாகும். ஒரு நகரம் மூச்சுத்திணறிக் கற்றுக்கொண்ட பாடத்தை நாம் ஒரு குழாயைக் கழற்றி மறந்துவிடலாகாது.

தண்ணீர் கண்ட இடத்தில் பழுது என்று அஞ்சுவதும், ‘எல்லாக் கார்களிலும் வருவதுதான்’ என்று அலட்சியமாயிருப்பதும் அறியாமையின் இரு முகங்கள். வெப்பநிலை என்ன, அழுத்தம் என்ன, ஆவி எவ்வளவு என்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பவர் இரண்டுக்கும் நடுவே சரியான வழியைக் காண்பார். பனிநிலை என்பது தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டும் இருந்துவிட வேண்டியதில்லை. ஒரு குடும்பத்தின் காரை வீணாகப் பிரித்துப்போடாமல் காப்பதற்கும் அது உதவுமானால், நாம் வகுப்பில் கற்றது வீண்போகவில்லை என்று மகிழலாம்.